வலது தொடை பன்னிரண்டேகால்

டிசம்பர் 7, புதன்

காலை 5.50. ரயில்வே கேட்டைத் தாண்டிய தார் ரோடு. இருநூறு மீட்டர், ஆறு தடவை. சிறந்த நேரம் 15.8 விநாடி. ஈட்டிக்கு இன்று நல்ல மூச்சு.

பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் ஒருத்தியை ஓடவிட்டு நேரம் குறிக்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. இருபத்தொன்பது வருஷம் கோவில்பட்டியில் பி.டி. டீச்சர். ஊரே ஹாக்கி ஹாக்கி என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது தனியாளாக நின்று ஓட்டக்காரிகளைத் தயார் செய்தவள் இந்த ரெத்தினபாய். இப்போது என் கையில் இருப்பது ஒரே ஓட்டக்காரி, இரண்டு வயதுச் சிப்பிப்பாறை நாய். ஒல்லியாக நீளமாக இருந்ததால் ஈட்டி என்று பெயர் வைத்தேன்.

ஜனவரி 17, காணும் பொங்கலன்று பக்கத்து ஊரில் நாட்டு நாய் ஓட்டம் வைக்கிறார்கள். பதினைந்து விநாடிக்குக் கீழே வந்துவிட்டால் முதலிடம் எங்களுக்குத்தான். அதனால் புதனும் சனியும் வேகப் பயிற்சி. நான் ஸ்கூட்டியில், அது கயிற்றில், ஸ்டாப்வாட்ச் கைப்பிடியில் கட்டியிருக்கும். மைல்கல் வந்ததும் சட்டென்று ஒரு திருப்பு, மறுபடி ஓட்டம். மற்ற நாட்களில் என் வீட்டுக்காரர் நடத்திக் கூட்டிப் போவார். மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக நின்று பழகிய மனுஷர், இப்போது டீக்கடைக்கு டீக்கடை நிற்கிறார். அதற்குப் பெயர் நடையாம்.

டிசம்பர் 8, வியாழன்

காலையில் எழுந்ததும் ஈட்டி வலது பின்னங்காலை முழுசாக ஊன்றவில்லை. விரல் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. சீமைக்கருவேல முள்ளாக இருக்கும் என்று டார்ச் அடித்து விரலிடுக்கு, நகம், உள்ளங்கால் எல்லாம் பார்த்தேன். முள் இல்லை, வெட்டு இல்லை, வீக்கமும் கண்ணுக்குத் தெரியவில்லை. மதியத்துக்குள் சரியாக நடந்தது.

தைலம் தேய்த்து நன்றாக உருவிவிட்டேன். தும்மிக்கொண்டே ஓடிப் போய்விட்டது. மருந்து என்றால் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்.

டிசம்பர் 9, வெள்ளி

நொண்டல் இல்லை. நான் சொன்னேன் இல்லையா.

டிசம்பர் 10, சனி

ஆறு தடவை. 15.6. மூன்றாவது திருப்பில் கொஞ்சம் வழுக்கியது. ரோட்டில் மணல்.

பக்கத்து வீட்டுக்குப் போன மாதம் குடி வந்தவர்கள் யார் என்று இன்றுதான் தெரிந்தது. செண்பகவல்லி. என்னிடம் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை நானூறு மீட்டர் ஓடினாள், அப்புறம் விட்டுவிட்டாள். புருஷன் லாரி ஓட்டுகிறாராம், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டிலேயே தையல். மோட்டார் போட்ட மெஷின், காலால் மிதிக்கிற வேலை இல்லை. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறாள். எடை போட்டிருக்கிறாள், அதுவாக இருக்கும்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். வேறு என்ன பேசுவது?

டிசம்பர் 11, ஞாயிறு

மறுபடி நொண்டல். அதே கால்.

இவரைப் பிடித்துக் கேட்டேன். "நேத்து சாயங்காலம் நாயை எங்க விட்டீங்க? மொட்டை மாடியில விட்டீங்களா?"

"படியே ஏறலைம்மா. படி கிட்ட போய் நின்னுட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"தூக்கும்போது கீழ போட்டீங்களா?"

"ரெத்தினா, உனக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்தாங்கல்ல, அதே மாதிரி அதுக்கும் ஒண்ணு குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நேராகக் கேட்டால் இவர் நேராகப் பதில் சொன்னதே இல்லை. ஏதோ மறைக்கிறார்.

டிசம்பர் 13, செவ்வாய்

நொண்டல் இல்லை. அரிசி களைந்தேன், ரேஷன் கார்டு நகல் எடுத்தேன், தண்ணீர் வரவில்லை.

டிசம்பர் 14, புதன்

ஆறு தடவை. 15.7. கடைசி இரண்டில் சோம்பல். விசில் அடித்து விரட்ட வேண்டியிருந்தது.

டிசம்பர் 15, வியாழன்

நொண்டல். இன்று உட்காருவதும் சரியில்லை. வலது காலை மடக்காமல் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பக்கமாக, கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடிக்கிற பெரியம்மா மாதிரி உட்காருகிறது.

காப்பி குடித்துக்கொண்டே இந்த நோட்டைப் புரட்டினேன். எட்டாம் தேதி வியாழன். பதினொன்று ஞாயிறு. இன்று வியாழன். தற்செயல் என்று நினைக்க நான் என்ன முட்டாளா? வியாழனும் ஞாயிறும் மட்டும் ஒரு நாய் நொண்டினால், வியாழனும் ஞாயிறும் இங்கே ஏதோ நடக்கிறது.

அப்போது கண்ணில் பட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுற்றுச்சுவரில் நாலு செங்கல் பெயர்ந்த ஓட்டை ஒன்று உண்டு. ஈட்டி தலையை நுழைத்து அந்தப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் செண்பகவல்லி லைனிங் துணியை நனைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தைக்கும் முன்னால் துணி சுருங்கட்டும் என்று நனைப்பார்கள். மற்ற நாட்களில் இந்த நேரம் மெஷின் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்துக் கேட்டேன். "என்னைக்கெல்லாம் துணி நனைப்ப?"

"வியாழனும் ஞாயிறும் டீச்சர்."

கையில், கொடியைத் தூக்கி நிறுத்துகிற மூங்கில் கழி.

டிசம்பர் 16, வெள்ளி

இவரிடம் சொன்னேன். சிரித்தார். "அந்தப் பிள்ளைக்கு நம்ம நாய் மேல என்ன கோபம்?" என்றார்.

நாய் மேல் இல்லை. ஆனால் அதை இவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 17, சனி

ஆறு தடவை. 15.2. இன்று ஒரு சுணக்கமும் இல்லை, அம்பு போலப் போனது. கொஞ்சம் மருந்து கொடுத்துத்தான் கூட்டிப் போனேன்.

சாயங்காலம் இவர் என் முட்டிவலி மாத்திரை அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன ரெத்தினா, வேகமா காலியாகுது, வலி ஜாஸ்தியா?" என்று கேட்டார். ஆமாம், பனிக்காலம் என்றேன்.

டிசம்பர் 18, ஞாயிறு

கண்ணால் பார்த்துவிட்டேன்.

சமையலறை ஜன்னலில் விளக்கைப் போடாமல் ஆறேகாலிலிருந்து நின்றேன். ஈட்டி நொண்டிக்கொண்டே போய் ஓட்டைக்குள் நுழைந்தது. செண்பகவல்லி வாளியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். அவளும் மடக்கி உட்காரவில்லை, ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஈட்டியின் வலது பின்னங்காலைப் பிடித்தாள். மஞ்சளாக ஏதோ ஒன்றை எடுத்துத் தொடையைச் சுற்றி இறுக்கினாள். ஏதோ முணுமுணுத்தாள். அப்புறம் அடுத்த கால். அப்புறம் ஈரத்துணியால் வலது காலை மூடினாள். கடைசியாக வாயில் ஏதோ கொடுத்தாள். அந்த முட்டாள் நாய் வாயை நக்கிக்கொண்டு வாலையும் ஆட்டியது.

மஞ்சள் கயிறு. செய்வினை, மந்திரம் எல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. விஞ்ஞான முறைப்படி பயிற்சி கொடுத்தவள். ஆனால் நம்புகிறவர்கள் செய்வார்கள் அல்லவா? வாயில் கொடுத்தது என்ன? நேற்றிலிருந்து ஈட்டி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

டிசம்பர் 19, திங்கள்

போய்க் கேட்டுவிட்டேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"நேத்து காலையில என் நாய் கால்ல என்ன கட்டுன?"

செண்பகவல்லி மெஷினை நிறுத்தினாள். "கட்டலை டீச்சர். டேப்பு. அளந்தேன்."

"நாய்க்கு எதுக்கு டேப்பு? பாவாடை தைக்கப் போறியா?"

"இல்ல டீச்சர். அது உக்காரும்போது பாத்தீங்களா, காலை வெளிய நீட்டிக்கிட்டு... ஒரு தொடை சிறுத்துக்கிட்டே வருது டீச்சர். நீங்க அதைக் கொஞ்ச நாள் ஓட விடாம..."

"ஓட்டத்தைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா? வாயில என்னத்தக் குடுத்த?"

"பொரிகடலை."

எத்தனை சுலபமாக வருகிறது பொய்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உன் கால் போனதுக்கு என் நாய் காலை வாங்கப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டேன்.

வாயில் வந்துவிட்டது. அந்த இரண்டு பெண்களும் செண்பகவல்லியின் காலைப் பார்த்தார்கள். அவள் சுடிதார் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அதன் வலது கால் இடது காலைவிட ஒடுக்கமாகத் தைத்திருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி மெஷினை ஓட்டினாள்.

குற்றம் இல்லாதவள் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?

டிசம்பர் 20, செவ்வாய்

செங்கலும் சிமெண்டும் வாங்கி வந்து நானே ஓட்டையை அடைத்தேன். இவர் உதவிக்கு வரவில்லை. "அந்தப் பிள்ளை காலுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று மட்டும் கேட்டார். கரண்டியைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

ஈட்டி அடைத்த இடத்தின் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டிசம்பர் 21, புதன்

14.9!

பதினைந்துக்குக் கீழே வந்துவிட்டோம். எதிரியின் வழியை அடைத்ததும் எப்படி ஓடுகிறது பார். மருந்து இன்று ஒன்று முழுசாக. ரோட்டோரம் நின்று கை தட்ட யாரும் இல்லை, நானே ஹேண்டில்பாரில் தட்டிக்கொண்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 22, வியாழன்

நொண்டல்.

ஓட்டை அடைத்தாயிற்று. கேட்டுக்குப் பூட்டு. ராத்திரி ஈட்டியை உள்ளே படுக்க வைத்துக் கதவைத் தாழ் போட்டேன். அந்தப் பக்கம் அவள் இன்று துணி நனைக்கவில்லை, முற்றத்துக்கே வரவில்லை. சுவருக்கு மேலே கல் ஏதாவது வந்து விழுகிறதா என்று பத்து மணி வரைக்கும் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன்.

யாரும் வரவில்லை.

டிசம்பர் 23, வெள்ளி

இவராக இருக்குமோ?

டிசம்பர் 24, சனி

இரண்டு தடவைதான் ஓடியது. இரண்டாவது திருப்பில் வீல் என்று ஒரு சத்தம். நான் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தபோது ரோட்டில் உட்கார்ந்திருந்தது. எழுந்தது, அந்தக் காலைத் தூக்கிக்கொண்டது, மூன்று காலில் என்னிடம் வந்தது. வந்து ஸ்கூட்டியின் சக்கரத்தில் முகத்தை வைத்துக்கொண்டது.

மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் ஓட்டி வந்தேன். மத்தியானம் வாந்தி எடுத்தது. காப்பித்தூள் மாதிரி கறுப்பாக. இன்று நேரம் பார்க்கவில்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

மாட்டாஸ்பத்திரி இன்று லீவு. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம், சொந்த ஊருக்குப் போயிருக்கிறார்களாம். நாளை காலை முதல் ஆளாக வரச் சொன்னார்கள். அதுவரை நடக்க விட வேண்டாம், தைலம் எதுவும் தடவ வேண்டாம், ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பத்து நிமிஷம் வையுங்கள், வாயில் எந்த மாத்திரையும் போட வேண்டாம் என்றார்கள். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு செண்பகவல்லி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. இவரைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தாள். ஜாக்கெட் அளவு எழுதுகிற நீள நோட்டு. "டாக்டர்ட்ட காட்டுங்க சார், உதவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நான் நின்றதை அவள் பார்த்திருப்பாள். கூப்பிடவில்லை.

நோட்டை நான் திறக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறாளோ?

டிசம்பர் 26, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடப் போகிறேன். எழுதாமல் விட்டது போதும்.

இவர் ஈட்டியை ஒரு பழைய போர்வையில் ஏந்திக்கொண்டு வந்தார். டாக்டரம்மா சின்ன வயது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதலில் நாயைத் தொடவே இல்லை. நிற்க விட்டுப் பார்த்தார்கள், நாலு அடி நடக்க விட்டுப் பார்த்தார்கள், உட்காருவதைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கையால் தொடையையும் ஒரு கையால் முட்டிக்குக் கீழேயும் பிடித்து மெல்ல அசைத்தார்கள். ஈட்டி என் கையை நக்கிக்கொண்டே முனகியது.

"முட்டிக்குள்ள இருக்கற ஜவ்வு கிழிஞ்சிருக்கு. முழுசா அறுந்திருக்காதுன்னு நினைக்கேன், எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். எப்ப இருந்து நொண்டுது?"

நான் இந்த நோட்டை நீட்டினேன். எனக்கு அதில் பெருமை வேறு, தேதி வாரியாக வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று. அவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார்கள்.

"வியாழன், ஞாயிறு, வியாழன், ஞாயிறு... அதுக்கு முந்தின நாளெல்லாம் ஓடவிட்டிருக்கீங்க."

"ஆமா. புதன், சனி."

"தார் ரோட்டுல, வண்டி வேகத்துல, சட்டு சட்டுனு திருப்பி. அப்ப சூடு உடம்பு, அதுக்கு வலி தெரியாது. ராத்திரி படுத்து எந்திரிச்சா காலு விறைச்சுப் போயி வலி தெரியும். இதை நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே டீச்சர்?"

பதினெட்டு நாளாகக் கள்ளனைப் பிடிக்க நான் எழுதிய நோட்டு. ஒவ்வொரு நொண்டலுக்கும் முந்தின பக்கத்தில் என் கையெழுத்து.

"வாந்தி கறுப்பா இருந்துச்சுன்னீங்க. மனுஷ மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"என் முட்டிவலி மாத்திரை" என்றேன். "முதல்ல பாதி. அப்புறம் ஒண்ணு. மூணு தடவை... இல்ல, நாலு."

"நம்ம வலி மாத்திரை நாய்க்கு விஷம் டீச்சர். குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையே கெடுக்கும். நல்ல வேளை, நிறுத்திட்டீங்க. இன்னொண்ணு, வலியை மறைச்சுட்டீங்க. வலி இருந்தா அது தானா ஓடாம நின்னிருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அப்புறம் செண்பகவல்லியின் நோட்டு. இவர்தான் எடுத்துக் கொடுத்தார். 'ஈட்டி' என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். டிசம்பர் 8: இடது தொடை 13, வலது தொடை 12¾. டிசம்பர் 15: 13, 12½. டிசம்பர் 18: 13, 12¼. அதற்குக் கீழே 'காலை வெளியே நீட்டி உட்காருது. டீச்சர்ட்ட சொல்லணும்' என்று எழுதி, அதற்கும் கீழே 'சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை.

டாக்டரம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "வலிக்கிற காலை ஊன்றாம இருந்தா சதை கரைஞ்சிரும். நாங்க பாக்குற விஷயம் இது. யாரு எழுதினது, ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்களா?"

"தையல்காரி" என்றார் இவர்.

எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. கயிற்றோடு வெளிக்குப் போய் வர மட்டும். படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது, வழுக்குகிற தரையில் சாக்கு விரிக்க வேண்டும். வயிற்றுக்கு மருந்து. திருநெல்வேலியில் எக்ஸ்ரே. பந்தயம் இனிமேல் எப்போதுமே இல்லை. நடந்தாலே பெரிய காரியம்.

டிசம்பர் 27, செவ்வாய்

எக்ஸ்ரே பார்த்துவிட்டார்கள். முழுதும் அறுந்துபோன மாதிரித் தெரியவில்லை, ஆறவிட்டுப் பார்ப்போம் என்கிறார்கள்.

பரணில் பழைய டைரிகள் இருக்கின்றன, வருஷத்துக்கு ஒன்று. 2004 எங்கே இருக்கிறது என்று எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எப்போதும் தெரியும்.

டிசம்பர் 28, புதன்

ஐந்து ஐம்பதுக்கு எழுந்து வாசலில் நின்றேன். போவதற்கு இடமில்லை.

டிசம்பர் 29, வியாழன்

போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. செண்பகவல்லி "வாங்க டீச்சர்" என்று நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தாள். அன்றைக்கு அத்தனை பேசினேன், இவள் நாற்காலியைத் துடைக்கிறாள். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று தெரியும்.

நின்றபடியே 2004 டைரியைத் திறந்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தேன். "மாவட்ட விளையாட்டு, நானூறு மீட்டர். செ. முட்டி வலி என்கிறாள். நடிப்பு. மாத்திரை கொடுத்து ஓடவிட்டேன். இரண்டாமிடம்."

மெஷின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"மூணாமிடம் டீச்சர்" என்றாள்.

"என்ன?"

"மூணாவதாத்தான் வந்தேன். கோட்டுக்கிட்ட வந்து விழுந்து எந்திரிச்சேன்ல, அப்ப தூத்துக்குடிக்காரப் பிள்ளை முந்திருச்சு. சர்டிபிகேட் இருக்கு." நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க ரெண்டுன்னே எழுதிட்டீங்களா?"

எழுதியிருக்கிறேன். அவள் விழுந்ததை எழுதவில்லை. தூக்கிக்கொண்டு போனதை எழுதவில்லை. அதற்கப்புறம் அவள் மைதானத்துக்கு வராததை 'விட்டுவிட்டாள்' என்று எழுதினேன், பதினெட்டு வருஷம் எல்லாரிடமும் அப்படியே சொன்னேன்.

"நான் பண்ணினது தப்பு" என்றேன். "உன் காலுக்கும். அன்னைக்கு அந்தப் பொம்பளைங்க முன்னாடி சொன்னதுக்கும். நீ பழி வாங்கறேன்னு நினைச்சேன். ஏன்னா, வாங்கினா அது நியாயந்தான்னு எனக்கே தெரியும்."

அவள் உடனே பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நம் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லுவார்கள். அவள் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன் டீச்சர். அன்னைக்கு நீங்க 'வலிக்குதா'ன்னு கேட்டிருந்தாக்கூட, இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் ஓடணும்னு வெறி. ஆனா நீங்க கேக்கலை."

"இப்ப வலிக்குதா?"

ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

"படி ஏறும்போது. மழை வந்தா."

அவ்வளவுதான் பேசினோம். நான் வெளியே வரும்போது பின்னாலிருந்து, "அந்தச் செங்கலை எடுத்துருங்க டீச்சர். அது இங்க வந்து உக்காந்துக்கிட்டிருந்துச்சு" என்றாள்.

டிசம்பர் 30, வெள்ளி

சிமெண்ட் நன்றாகப் பிடித்துவிட்டது. உளி, சுத்தியல், இரண்டு மணி நேரம். இந்தத் தடவை இவரும் வந்தார்.

ஜனவரி 8, ஞாயிறு

வாந்தி இல்லை. மோர்ச்சாதம் சாப்பிட்டது. வலது தொடை 12¼, அதற்கு மேல் இறங்கவில்லை. வியாழனும் ஞாயிறும் செண்பகவல்லி அளக்கிறாள், நான் எழுதுகிறேன். டேப்பு மஞ்சள்தான்.

ஜனவரி 17, செவ்வாய்

காணும் பொங்கல். ஓட்டம் நடக்கிற ஊரிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்தது. ஈட்டி காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாக்கில் தலையை வைத்துக்கொண்டது. முதலிடம் எந்த நாய் என்று இவர் விசாரித்து வந்து சொன்னார். எத்தனை விநாடி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அந்த நாய்க்குக் கால் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இவர் விழித்தார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

டாக்டரம்மா நேற்று பார்த்தார்கள். கால் ஊன்றுகிறது. தினமும் பத்து நிமிஷம் மண் தரையில் நடத்தலாம், கயிற்றோடு. வலது தொடை 12¾.

காலையில் கயிற்றை எடுத்ததும் ஈட்டி ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது, பழக்கம். நான் அதைத் தாண்டி நடந்தேன். செண்பகவல்லி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள், நானும் வாரேன் டீச்சர் என்றாள். மூன்று பேரும் காலி மனைப் பக்கம் போனோம். அவள் மெதுவாக நடந்தாள், ஈட்டி மெதுவாக நடந்தது, எனக்குத்தான் அந்த வேகம் வரவில்லை. இரண்டு தடவை முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டேன்.

"பத்து நிமிஷம் ஆயிருச்சா டீச்சர்?"

ஸ்டாப்வாட்ச் ஸ்கூட்டியிலேயே கட்டிக் கிடக்கிறது. "தெரியலை" என்றேன். "அது காலைப் பாத்து நீ சொல்லு."

அவள் நின்று ஈட்டியின் நடையைப் பார்த்தாள். வலது காலைப் பார்த்தாள், உட்காரச் சொல்லி உட்காருவதையும் பார்த்தாள்.

"போதும் டீச்சர். திரும்பிருவோம்."

மெதுவாகத் திரும்பினோம்.